குழாயோடு நடந்தவள்

செபஸ்தியம்மாவுக்கு முதல் நோ வந்தது ஒரு ஞானஸ்நான வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆனி மாதம். யாழ்ப்பாணத்துக் குருநகரில் சனம் அப்போது எதையும் அளந்துதான் சமைத்தது. என்றாலும் அந்த வீட்டில் பாரை மீன் பொரித்து, கோழிக்கறிக்குத் தேங்காய்ப்பால் தாராளமாக விட்டிருந்தார்கள். பின்னேரம் வளவுக்குத் திரும்பி, கருவாட்டுக்கு வெட்டிப் பரப்பிய மீனுக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தவளுக்கு வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிசைவதுபோல் இருந்தது. நோ அந்த இடத்தோடு நிற்கவில்லை. முதுகுப் பக்கமாய் ஏறி வலது தோள் எலும்புக்கு அடியில் போய் இறுகியது. கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தைப் பிடித்தபடி இரண்டு மணித்தியாலம் நின்றாள். பிறகு வந்தமாதிரியே போய்விட்டது.

புருசனுக்குச் சொல்லவில்லை. சிமியோன் களங்கண்டிக்காரன். ஆழக்கடலுக்குப் போகத் தடை என்பதால் களக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் தடிகளை நட்டு, வலை வளைத்து, கடல் வற்றுகையில் அகப்படுகிற றாலையும் திரளி மீனையும் அள்ளிவருவான். மண்டைதீவு முகாமிலிருந்து துவக்குச் சூடு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தாழவேண்டும். அவன் முழுசாய்த் திரும்பி வருவதே ஒவ்வொரு நாளும் பெரிய காரியமாயிருக்க, சாப்பாடு செமிக்காத கதையை அவனுக்கு ஏன் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆடியில் இரண்டு தரம் வந்தது. ஆவணியில் நாலு தரம். பொரியலைக் கண்டால் அவளுக்கு ஓங்காளம் வந்தது. சந்தியில் இருந்த டிஸ்பென்சரியில் வாய்வு என்று குளிசை தந்தார்கள். குளிசை முடியவும் நோ திரும்பியது. மீன் கடகத்தைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போகிற வழியில் மதிலோரம் நின்று, யாரையோ பார்த்து நிற்பவள்போல் நோவைக் கடத்திவிட்டுப் போவாள்.

புரட்டாதி நடுவில் ஒரு காலை லூர்த்தம்மா அவளுடைய கண்ணைக் கவனித்தாள். லூர்த்தம்மா சிமியோனின் அக்கா. புருசன் கடலோடு போன பிறகு அதே வளவில் தனிக் கொட்டிலில் இருப்பவள். செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பதில் குருநகர் முழுக்கப் பேரெடுத்தவள்.

"மச்சாள், இஞ்சாலை திரும்பும். கண் என்ன இப்பிடிக் கிடக்கு?"

"நித்திரை இல்லை மச்சாள்."

"நித்திரை இல்லாத கண் சிவக்கும். உது மஞ்சள். செங்கமாரி. நாளைக்குத் தொடக்கம் வெறுவயித்திலை நான் தாறதைக் குடியும். எண்ணெய், உப்பு, மச்சம் ஒண்டும் கூடாது."

பத்து நாள் குடித்தாள். கண்ணில் இருந்த மஞ்சள் முகத்துக்கும் உள்ளங்கைக்கும் இறங்கியது. தோல் முழுக்கச் சொறி தொடங்கியது. கையால் சொறிந்து ஆறாமல், மீன் செதில் சுரண்டுகிற தகட்டால் முதுகைச் சுரண்டினாள். பதினோராம் நாள் மத்தியானம், நல்ல வெயில் எறிக்கையில், பல்லுக் கிட்டி உடம்பு தூக்கிப்போட நடுங்கிற்று. இரண்டு சாக்கைப் போட்டு மூடியும் கட்டில் ஆடியது. பிறகு காய்ச்சல் கொதித்தது.

லூர்த்தம்மா மருந்துச் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"தம்பி, இது என்ரை மருந்துக்குக் கேக்கிற வருத்தமில்லை. நான் குடுத்த ஆக்கள் ஒருத்தருக்கும் இப்பிடி நடுக்கம் வந்ததில்லை. அருளம்பலம் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வா."

அருளம்பலம் முப்பது வருசம் ஊரூராக அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அப்போதிக்கரியாக இருந்து இளைப்பாறியவர். கொழும்புத்துறையில் வீடு. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. செபஸ்தியம்மாவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். விலாவுக்குக் கீழே விரலை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சில் அவள் நின்றுவிட்டாள்.

"நோ இருந்ததோ பிள்ளை, இதுக்கு முதல்?"

"இல்லை ஐயா."

"இருந்தது ஐயா" என்றாள் லூர்த்தம்மா. "வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதை நானே கண்டனான். காலுக்கை முள்ளுக் குத்தினது எண்டு எனக்குச் சொன்னவ."

சிமியோன் பெண்சாதியைப் பார்த்தான். "எப்ப தொடக்கம்?"

"ஆனியிலை இருந்து."

"நாலு மாசம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நீங்கள் தண்ணிக்கை நிக்கிறியள். சூடு எங்காலை வருமெண்டு பாப்பியளோ, என்ரை வயித்தை யோசிப்பியளோ?"

"அதை ரெண்டு பேரும் பிறகு கதையுங்கோ" என்றார் அருளம்பலம். "சலம் என்ன நிறத்திலை போகுது?"

"சாயத் தேத்தண்ணி மாதிரி."

"வெளிக்குப் போறது?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். அவர் இன்னொருதரம் கேட்டார், குரலைத் தாழ்த்தாமல், மீன் விலை கேட்பவர் மாதிரி.

"வெள்ளை" என்றாள். "சுண்ணாம்புக் களி மாதிரி. ரெண்டு கிழமையாய்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"உதைப் போய் ஆருக்கு ஐயா சொல்லுறது?"

அருளம்பலம் அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

"நீர் மீன் வெட்டுற ஆள். ஈரலோடை ஒட்டிக்கொண்டு பச்சையாய் ஒரு முட்டை இருக்குமெல்லோ?"

"பித்து. அது உடைஞ்சால் மீன் முழுக்கக் கசந்துபோம்."

"அது மனிசருக்கும் இருக்கு. அதுக்குள்ளை உமக்குக் கல்லு விளைஞ்சிருக்கெண்டு நினைக்கிறன். கல்லு பைக்குள்ளை கிடந்தால் நோ மட்டுந்தான், கொழுப்புச் சாப்பிட்ட கையோடை வந்து வந்து போகும். ஒரு கல்லு வெளிக்கிட்டுக் குழாய்க்கை இறுகினால் பித்து குடலுக்கு இறங்காது, இரத்தத்திலை ஏறும். அதாலைதான் கண் மஞ்சள், சொறி, மலம் வெள்ளை. இப்ப நடுக்கிக் காய்ச்சலும் வந்திட்டுது. தேங்கினது பழுதாகுது எண்டு அர்த்தம். இனி வீட்டிலை வைச்சுப் பாக்கிற வருத்தமில்லை."

"என்ரை பச்சிலையாலை கூடினதோ ஐயா?" லூர்த்தம்மா கேட்டாள்.

"பச்சிலையாலை கூடேல்லை. ஆனால் கல்லைப் பச்சிலை கரைக்காது. பத்து நாள் போட்டுது. இன்னும் ரெண்டு நாள் போகவிட்டிருந்தால் வேறை கதை."

லூர்த்தம்மா எழும்பினாள். செபஸ்தியம்மாவின் சீலை, கோப்பை, செபமாலை எல்லாவற்றையும் ஒரு பனையோலை உமல் பையில் போட்டுக் கொடுத்தாள்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஊசி ஏற்றிக் காய்ச்சலை அடக்கினார்கள். ஜெனரேற்றர் போடுகிற நேரத்துக்குக் காத்திருந்து ஸ்கான் பார்த்தார்கள். பைக்குள் கல்லுகள், பெரிய குழாய்க்குள் ஒன்று. அருளம்பலம் விரலாலும் கேள்வியாலும் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. அந்தக் கிழமைதான் வலிகாமத்தின் வடக்கிலிருந்து சண்டை இறங்கத் தொடங்கியது. காயப்பட்டவர்களை ஏற்றிய வாகனங்கள் வாசலில் வந்துகொண்டேயிருந்தன. இரண்டு தரம் ஒத்திப்போட்டு, ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை செபஸ்தியம்மாவை மேசையில் ஏற்றினார்கள். சிமியோன் இரத்தம் கொடுத்துவிட்டு, தந்த பாலைக் குடிக்காமல், விறாந்தையின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்கு நடந்தான். தாதி மிஸ்ஸி ஒருத்தி அவனை மூன்றுதரம் இருக்கச் சொன்னாள். மூன்றுதரமும் இருந்துவிட்டு எழும்பினான்.

சத்திரசிகிச்சை டொக்டர் வெளியே வந்தபோது நித்திரையில் நடப்பவர்போல் இருந்தார்.

"பையை எடுத்தாச்சு. குழாயை வெட்டித் திறந்து கல்லையும் எடுத்தாச்சு. தைச்ச இடம் ஆறுமட்டும் உள்ளுக்கு ஒரு றப்பர் குழாய் வைச்சிருக்கிறன். பித்து அதாலை வெளியிலை வந்து போத்தலுக்கை விழும். பயப்பிடாதையுங்கோ."

"எவ்வளவு நாளைக்கு ஐயா?"

"பதினோராம் நாள், வாற செவ்வாயில்லை, அதுக்கடுத்த செவ்வாய், குழாய்க்கை மருந்து விட்டு எக்ஸ்ரே எடுப்பம். கல்லொண்டும் மிச்சமில்லையெண்டால் குழாயை ஒருநாள் கட்டி வைச்சுப் பாப்பம். நோவோ, காய்ச்சலோ, மஞ்சளோ வராட்டில் பித்து தன்ரை வழியாலை போகுதெண்டு அர்த்தம். பிறகு இழுத்து எடுக்கிறதுதான்."

ஏழாம் நாள் வாட்டில் நிலத்திலும் இடமில்லாமல் போனது. கால் போன ஒரு பெண்ணுக்குத் தன் பாயை விட்டுக்கொடுத்துவிட்டு, செபஸ்தியம்மா குழாயோடும் போத்தலோடும் வீட்டுக்கு வந்தாள். சேலைன் வந்த கண்ணாடிப் போத்தல். அதைக் கயிற்றில் கட்டி இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். மிஸ்ஸி சொன்னதைச் சிமியோன் செபம்போல் மனப்பாடம் செய்திருந்தான்: போத்தல் எப்பவும் வயிற்றுக்குக் கீழே. குழாய் இழுபடக் கூடாது. நுனியில் ஊத்தை படக் கூடாது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு விழுந்தது என்று பார்க்கவேண்டும்.

முதலில் போத்தலில் பாதிக்கு மேலே விழுந்தது, நாளுக்கு நாள் குறைந்தது. குறையக் குறைய அவளுடைய கண் வெளுத்தது. ஒரு காலை வேலிக்கரையிலிருந்து வந்து, "வெளிக்கு மஞ்சளாய்ப் போச்சுது" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. சிமியோன் சிலுவை போட்டான். அதற்காகச் சிலுவை போட்ட மனிசன் குருநகரில் வேறு ஒருவனும் இருந்திருக்கமாட்டான்.

பத்தாம் நாள், திங்கட்கிழமை, பொழுதுபடுகிற நேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் போனது. இராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் உடனே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போகவேண்டும். ஒழுங்கைகள் எல்லாம் ஒரேநேரத்தில் வாய் திறந்ததுபோல் சனம் கண்டி வீதிக்கு ஊற்றியது.

"இப்ப இறங்கக் கூடாது" என்றாள் லூர்த்தம்மா. "இருட்டிலை அந்தச் சனத்துக்கை குழாயை ஆர் பாக்கிறது? செல் விழுந்தால் விழட்டும். விடிய வெளிக்கிடுவம்."

விடிய மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளில் அரிசி மூட்டையும் பாயும் சட்டியும் கட்டி, சிமியோன் உருட்டினான். லூர்த்தம்மா குழாய் இருக்கிற வலப்பக்கம் செபஸ்தியம்மாவோடு ஒட்டி நடந்தாள். முதலில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனார்கள். வருத்தக்காரரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸி ஒருத்தி மழையில் நின்று பேர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குத்தான் மிஸ்ஸி இவவுக்கு எக்ஸ்ரே."

"இண்டைக்கு ஒண்டும் இல்லை அண்ணை. சாவகச்சேரிக்குப் போங்கோ. டொக்டர்மாரும் அங்கைதான் வருவினம். டொக்டர் எழுதின துண்டைப் பத்திரமாய் வைச்சிருங்கோ."

அரியாலை தாண்டவே மத்தியானமாகிவிட்டது. ஒரு அடி வைத்துப் பத்து நிமிசம் நின்றார்கள். மாடு, ஆடு, உழவு இயந்திரம், தள்ளுவண்டியில் கிழவர்கள், கோழிக் கூடு, தையல் மெசின். யாரும் சத்தம் போடவில்லை. பிள்ளைகளின் அழுகையும் சைக்கிள் மணிகளும் மழையும்தான். செபஸ்தியம்மா இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒரு பிள்ளை இருப்பதுபோல் குனிந்து நடந்தாள்.

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட பின்னாலிருந்து ஒரு நெரிசல் வந்தது. பக்கத்தில் வந்த தள்ளுவண்டியின் பிடி திரும்பிப் போத்தலில் பட்டது. கண்ணாடி உடைந்து கயிற்றோடு கழுத்து மட்டும் தொங்கியது. பொன்னிறமான தண்ணீர் சீலையில் வழிந்து வீதிச் சேற்றில் கலந்தது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான், அவனை நிற்கவிடாமல் சனம் தள்ளிக்கொண்டு போனது.

"குழாய் இழுபட்டதோ? செபஸ்தி, குழாய்?"

"இல்லை. இழுபடேல்லை. போத்தல்தான்."

சிமியோன் சைக்கிளை மதகுக் கட்டில் சாத்தி, இரண்டுக்கும் நடுவில் அவளை நிறுத்தினான். லூர்த்தம்மா பாயை விரித்து மறைத்துப் பிடித்தாள். குழாயின் நுனியில் இருந்து துளித்துளியாய் விழுந்துகொண்டிருந்தது. மழைத்தண்ணீரும் சேறும் அதற்குப் பக்கத்திலேயே தெறித்தன. வேறு போத்தல் இல்லை. இருந்த தண்ணீர்ப் போத்தலின் வாய் சின்னன்.

அவன் மடியைத் தடவினான். நைலோன் தங்கூசி நூல் ஒரு சுருள் இருந்தது. களங்கண்டிக்காரனின் மடியில் அது எப்போதும் இருக்கும்.

"என்ன செய்யப் போறியள்?"

"நுனியை மடிச்சுக் கட்டப் போறன்."

"டொக்டர் எக்ஸ்ரே எடுத்தாப்பிறகெல்லோ கட்டச் சொன்னவர். உள்ளுக்கை இன்னும் ஒரு கல்லு இருந்தால்?"

"இருந்தால் நோ வரும். நோ வந்தால் அவிட்டு விடலாம். திறந்து விட்டால் இந்தச் சேறெல்லாம் உள்ளை போகும், அதை அவிட்டு எடுக்கேலுமோ?"

செபஸ்தியம்மா லூர்த்தம்மாவைப் பார்த்தாள். லூர்த்தம்மா பாயைப் பிடித்தபடி சொன்னாள்: "நான் ஒண்டும் சொல்லமாட்டன். பத்து நாள் பிழையாய்ச் சொன்னதே போதும்."

"நோ வந்தால் எனக்குச் சொல்லவேணும்" என்றான் சிமியோன். "முள்ளுக் குத்தினது எண்டு சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"பண்ணுறன். கட்டுங்கோ."

குழாயின் நுனியை மடித்து, வெட்டுப்படாமல் சீலைத் துண்டு சுற்றி, மேலே தங்கூசியால் கட்டினான். இழுத்தால் இறுகாத, ஒரு நுனியைச் சுண்டினால் அவிழ்கிற முடிச்சு. துளி நின்றது.

அந்த நேரம் தொடக்கம் அவனுக்கு அமைதி இல்லாமல் போயிற்று. பத்து அடிக்கு ஒருக்கால் "நோகுதோ?" என்று கேட்டான். கைதடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒதுங்கியபோதும் அவளுடைய நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை. புதன் காலை சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலை எட்டினார்கள். வளவு முழுக்கச் சனம். வாசலில் நின்றவர் துண்டைப் பார்த்துவிட்டு, "சத்திரசிகிச்சை டொக்டர் வெள்ளிக்கிழமைதான் வாறார். காய்ச்சல் வந்தால் மட்டும் உடனை கொண்டு வாங்கோ" என்றார்.

மீசாலையில் ஒரு தென்னங்காணியின் படலையில் நின்று சிமியோன் தங்க இடம் கேட்டபோது, வீட்டுக்கார அம்மா மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பேர் சிவக்கொழுந்து. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தனியாக இரண்டு எருதும் ஒரு பசுவும் வைத்து, வயலும் காணியும் பார்ப்பவள். நெற்றி நிறையத் திருநீறு.

"எவடம்?"

"குருநகர், அம்மா."

அவள் கிணற்றடியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"தேங்காய்க் கொட்டில் ஒழுகாது. அதிலை இருங்கோ. கிணத்திலை நீங்கள் அள்ளவேண்டாம். எவ்வளவு தண்ணி வேணுமெண்டாலும் நான் அள்ளித் தாறன்."

லூர்த்தம்மாவின் முகம் இறுகியது. செபஸ்தியம்மா அவளுடைய கையை அழுத்தினாள். "அதே போதும் அம்மா" என்றாள்.

வியாழன் காலை மழை விட்டு வெயில் எறித்தது. சிமியோன் செபஸ்தியம்மாவைத் தென்னை நிழலில்லாத இடமாய்ப் பார்த்து நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தான். மேலே பார், கீழே பார். பிறகு மற்றக் கண். பிறகு குசினிப் பக்கமாய்ப் போய்த் தயங்கி நின்றான்.

"அம்மா, ஒரு ஜாம் போத்தல் இருந்தால் தருவியளோ?"

"விளக்குச் செய்யவோ?"

"இல்லை. மனிசிக்குச் சலத்தின்ரை நிறம் பாக்க. சிரட்டையிலை எல்லாம் கறுப்பாய்த்தான் தெரியுது."

சிவக்கொழுந்து போத்தலைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. அவன் போத்தலை வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பதையும், பெண்சாதியிடம் எதையோ கேட்பதையும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுமொழி சொல்வதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் ஒரு சட்டி புழுங்கலரிசிக் கஞ்சி கொண்டுவந்தவள் கொட்டில் வாசலில் குந்தினாள்.

"என்ன வருத்தம் பிள்ளை உமக்கு?"

செபஸ்தியம்மா சொன்னாள். நோவும், செங்கமாரியும், கல்லும், குழாயும். சீலையை விலத்தி முடிச்சையும் காட்டினாள்.

"உவர் காலமை என்னத்தைக் கேட்டவர்?"

"வெளிக்குப் போனது என்ன நிறமெண்டு. வெள்ளையாய்ப் போனால் திரும்ப அடைச்சிட்டுது எண்டு அர்த்தமாம். வெக்கக்கேடு அம்மா, ஒவ்வொரு நாளும் கேட்டுச் சாகடிக்கிறார்."

சிவக்கொழுந்து கஞ்சிக்குள் அகப்பையை விட்டுக் கலக்கினாள். நெடுநேரம் கலக்கினாள்.

"எங்கடை அவருக்கும் வெள்ளையாய்த்தான் போனது" என்றாள். "அவர் போய் மூண்டு வருசம் ஆகுது. செங்கமாரி எண்டு பரியாரியார் மருந்து தந்தவர். அவர் கண்ணைப் பாத்தார், நாடி பாத்தார், இதைக் கேக்கேல்லை. மறைப்பு வேலிக்குப் பின்னாலை கூட்டிறது நான். எனக்குத்தான் தெரியும். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? பெரிய மனிசன் அவர். ஊர் விதானையார் எழும்பி நிண்டு கதைக்கிற மனிசன்."

லூர்த்தம்மா மெல்ல நகர்ந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நானும் பத்து நாள் பச்சிலை குடுத்தனான்" என்றாள். "இவ சொல்லேல்லை, நான் கேக்கேல்லை."

"நீங்கள் பத்து நாள்" என்றாள் சிவக்கொழுந்து. "நான் நாலு மாசம்."

எழும்பிப் போகும்போது சொன்னாள்: "நாளைக்கு நடந்து போகவேண்டாம். நான் வண்டி கட்டுறன்."

வெள்ளிக்கிழமை அவளே எருதுகளைப் பூட்டினாள். கொட்டிலைப் பார்க்க லூர்த்தம்மா நின்றுவிட்டாள். சிவக்கொழுந்து வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்குப் போட்டு, செபஸ்தியம்மாவை இருத்தினாள். சிமியோன் வண்டியில் ஏறவில்லை, சில்லோடு சில்லாய் நடந்தான். வீதி முழுக்கச் சனம் படுத்தும் சமைத்தும் கிடந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் சிவக்கொழுந்து திரும்பிப் பார்த்தாள்.

சத்திரசிகிச்சை டொக்டர் யாழ்ப்பாணத்தில் வெட்டியவர் அல்ல. இளம் ஆள், தாடி வளர்ந்திருந்தது. துண்டை வாசித்துவிட்டு முடிச்சைப் பார்த்தார்.

"இதை ஆர் கட்டினது?"

"நான்தான் ஐயா" என்றான் சிமியோன். "பிழையெண்டால் என்னிலைதான். போத்தல் உடைஞ்சு போச்சுது."

"எப்ப கட்டினியள்?"

"செவ்வாய் பின்னேரம்."

"மூண்டு நாள். காய்ச்சல்?"

"இல்லை."

"நடுக்கம், நோ?"

"இல்லை ஐயா" என்றாள் செபஸ்தியம்மா. சிமியோன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். "உண்மையாய் இல்லை" என்றாள் அவனுக்கு.

டொக்டர் கண்ணைப் பார்த்தார். வயிற்றை நாலு இடத்தில் அமத்திப் பார்த்தார். சலத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் ஆட்டினார். வெளிக்குப் போகிற நிறத்தைக் கேட்டபோது இந்தமுறை செபஸ்தியம்மா நிலத்தைப் பார்க்காமல் சொன்னாள். பிறகு முடிச்சை அவிழ்த்தார். தெளிந்த பொன்னிறத்தில் ஒரு கொஞ்சம் வழிந்தது. முகர்ந்து பார்த்தார்.

"எக்ஸ்ரே எடுக்க இஞ்சை இப்ப வழியில்லை. ஆனால் மூண்டு நாள் கட்டியிருந்து ஒண்டும் வரேல்லையெண்டால் பாதை திறந்துதான் கிடக்கு. குழாயை எடுப்பம். மூச்சை இழுத்து விடுங்கோ."

அவள் மூச்சை விடுவதற்குள் குழாய் அவருடைய கையில் இருந்தது. நுனியில் குறுக்கே இரண்டு சின்னக் கை விரித்த றப்பர் துண்டு. இவ்வளவுதானா என்பதுபோல் சிமியோன் அதைப் பார்த்தான். அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டான்.

"ரெண்டு நாளைக்கு அந்த ஓட்டையாலை கொஞ்சம் கசியும். துணி வைச்சு மாத்துங்கோ. காய்ஞ்சிடும். காய்ச்சலோ வயித்து நோவோ வந்தால் மட்டும் ஓடிவரவேணும். வேறை ஏதும் கேக்க இருக்கோ?"

"மீன் சாப்பிடலாமோ ஐயா?" செபஸ்தியம்மா கேட்டாள்.

"சாப்பிடலாம். கொஞ்ச நாளைக்குப் பொரியாமல்."

வாசலில் நின்ற சிவக்கொழுந்து ஒரு அடி உள்ளே வந்தாள்.

"ஐயா, நான் ஒண்டு கேக்கலாமோ? இது வேறை ஆளின்ரை கதை."

வெளியே வரிசை நீண்டு கிடந்தது. டொக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "கேளுங்கோ அம்மா" என்றார்.

அவள் சொன்னாள். நாலு மாசம், மஞ்சள், சொறி, வெள்ளை. ஒவ்வொன்றையும் நிதானமாய், நேற்று நடந்ததுபோல் சொன்னாள்.

"அவருக்கு நோ இருந்ததோ? இவவுக்கு வந்தமாதிரி விட்டு விட்டு?"

"நோவெண்டு அவர் சொன்னதில்லை."

"காய்ச்சல்?"

"இல்லை."

"மெலிஞ்சவரோ?"

"ஓம். வேட்டி இடுப்பிலை நிக்காது. சாப்பாட்டை அளைஞ்சு போட்டு எழும்பிவிடுவார்."

டொக்டர் கையைத் துடைத்தார்.

"ஆளைப் பாக்காமல் நிச்சயமாய்ச் சொல்லேலாது அம்மா. ஆனால் நோவும் காய்ச்சலும் இல்லாமல், மெலிஞ்சு மெலிஞ்சு மஞ்சள் கூடிக்கொண்டு போனால், அது அநேகமாய்க் கல்லில்லை. உள்ளுக்கை வளர்ற வேறை சாமான். கண் மஞ்சளாகிற நேரம் அது பெரிசாகியிருக்கும். நீங்கள் கொண்டு வந்திருந்தாலும் சொறியை வேணுமெண்டால் குறைச்சிருப்பம். ஆளைத் தந்திருக்க மாட்டம்."

அவள் தலையாட்டினாள். சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போய் எருதுகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

திரும்பும் வழியில் சிமியோன் வண்டிக்குள் காலை மடக்கிக்கொண்டு நித்திரையானான். சனத்தின் சத்தமோ குலுக்கமோ அவனை எழுப்பவில்லை. சங்கத்தானை கழிந்தது. சிவக்கொழுந்து கயிற்றைத் தளர்த்திவிட்டு, முன்னாலேயே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"நோ இருந்திருந்தால் சொல்லியிருப்பார், என்ன? நாலு மாசம். ஒரே வீடு. எனக்குச் சொல்லாமல் இருந்திருப்பாரே?"

செபஸ்தியம்மா நித்திரையில் வாய் திறந்து கிடந்த தன் புருசனின் முகத்தைப் பார்த்தாள். நாலு மாதமாய் இந்த முகத்துக்கு முன்னால் நோவை விழுங்கி விழுங்கிச் சிரித்துக்கொண்டு சோறு போட்டவள் அவள்.

"சொல்லியிருப்பார் அக்கா" என்றாள். "கட்டாயம் சொல்லியிருப்பார்."

சிவக்கொழுந்து ஓம் என்று மெல்லச் சொல்லிவிட்டு, எருதுகளைத் தட்டி ஓட்டினாள்.